சாளக்கிராமத்துப் பெருமாள் கூப்பிட்டார்

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான நூற்றெட்டு திவ்ய தேசங்களில் இந்த உடம்போடு போய்ச் சேவிக்கக்கூடியவை 106. அதில் இந்திய எல்லைக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று, சாளக்கிராமம் என்கிற முக்திநாத். நேபாளத்தில் முஸ்தாங் மாவட்டத்தில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் எம்பெருமான் ஸ்ரீமூர்த்தியாக எழுந்தருளியிருக்கிறார். நாம் நினைத்தால் மட்டும் போதாது, அவர் கூப்பிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். எங்களை அவர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கூப்பிட்டார்.

என் கணவருக்கு விபத்தில் வலது கால் நொறுங்கியது. ராடு வைத்தார்கள். பழையபடி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர்கள் நேராகப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி என் மாமியார் (நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்) வராந்தாவில் உட்கார்ந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, "என் பிள்ளை தன் காலால நடந்தா, அந்தக் காலோடயே சாளக்கிராமம் கூட்டிண்டு வரேன்" என்று வேண்டிக்கொண்டார். திருப்பதியோ ஸ்ரீரங்கமோ ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "அப்போ வாயில அந்தப் பாசுரம்தான் ஓடிண்டிருந்தது" என்றார். சாளக்கிராமத்துக்கு ஒரு பதிகம், அதாவது பத்துப் பாசுரம், இருக்கிற திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி அம்மாவுக்கு மனப்பாடம். கோயிலில் கோஷ்டியாகச் சேர்ந்து சொல்லிச் சொல்லி வந்தது.

கால் சரியானது. கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று சித்திரையில் கிளம்பிவிட்டோம்.

போக்ராவில் ஆரம்பித்தது சோதனை. அங்கிருந்து ஜோம்சோமுக்குக் குட்டி விமானத்தில் இருபது நிமிடம்தான். ஆனால் அது காலையில் மட்டும்தான் பறக்கும். வெயில் ஏறினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும், அப்புறம் எந்த விமானமும் இறங்க முடியாது. நாங்கள் போன அன்று மேகம் விலகவே இல்லை, விமானம் ரத்து. "டிக்கெட் கன்ஃபார்ம், நூறு சதவீதம் தரிசனம்" என்று பணம் வாங்கிய ஏஜென்ட் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. விமான நிலைய வாசலிலேயே ஜீப்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு ரேட் சொல்கிறார்கள். நாம் மூட்டையும் வயதானவர்களுமாக நிற்பதைப் பார்த்தாலே ரேட் ஏறுகிறது. பெருமாளைப் பார்க்க வந்தவர்களிடமா இப்படி என்று மனசு கசந்துபோனது. இவர்தான், "சரி, காலுக்காக வேண்டிக்கொண்டது, தரை வழியாகவே போவோம்" என்றார்.

அந்த ரோட்டை என்னவென்று சொல்வது! பேனி வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளத்தில் ஆறு. தாதோபானியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, இறங்கிப் பார்க்கக்கூட நேரமில்லை. ரூப்சே அருவி ரோட்டோரத்திலேயே கொட்டி ஜீப்பின் கண்ணாடியை நனைத்தது. அதைத் தாண்டி மலைச்சரிவில் கல் விழுந்து பாதை அடைத்திருந்தது. புல்டோசர் வந்து தள்ளும் வரை வண்டிகள் வரிசையாக நின்றன. குளிரில் ராடு வைத்த இடம் இழுக்க ஆரம்பித்து, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் மனதுக்குள் அழுதேன். அம்மா கம்பியைப் பிடித்தபடி பதிகம் சொல்லிக்கொண்டே வந்தார். பத்தாவது பாசுரம் முடிந்ததும் மறுபடி முதல் பாசுரம். இருட்டிவிட்டதால் காலோபானியில் தங்கினோம்.

காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, இன்னொரு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவின் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் கண்டகி ஓடுகிறாள். உலகத்தின் ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று இது. இமயமலை எழும்புவதற்கு முன்பே இந்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது, மலை உயர உயர அதை அறுத்துக்கொண்டே வந்தது என்கிறார்கள். விமானம் கிடைத்திருந்தால் இருபது நிமிடத்தில் இதன் மேலே பறந்து போயிருப்போம். அந்த ரத்தும் அவர் செய்ததுதான் என்று அப்போது புரிந்தது.

அங்கிருந்து மேலே போகப் போகப் பச்சை குறைந்து உலகமே வேறாகிவிடுகிறது. மழை மேகத்தை மலைகள் தடுத்துவிடுவதால் ஒரே வறண்ட மண், காவியும் சாம்பலுமாக. செங்குத்தான பாறைச் சுவர்களில் எட்டாத உயரத்தில் பழங்காலத்து மனிதர்கள் குடைந்த குகைகள். இதுதான் திபெத்துக்கும் தெற்குக்கும் நடுவில் இருந்த உப்பு வழி. மேலிருந்து உப்பு இறங்கும், கீழிருந்து தானியம் ஏறும், நடுவில் துக்குச்சே ஊரில் தகாலி வியாபாரிகள் வாங்கி விற்பார்கள். இன்றைக்கு அந்தப் பெரிய வீடுகள் அமைதியாக நிற்கின்றன. அடுத்து மார்ஃபா, வெள்ளைச் சுவர்களும் ஆப்பிள் தோட்டங்களுமாக. திபெத்துக்குள் வெளியார் நுழையத் தடை இருந்த காலத்தில், அங்கே போகத் துணிந்த ஏகாய் கவாகுச்சி என்கிற ஜப்பானியத் துறவி 1900-இல் புறப்படுவதற்கு முன் தங்கியிருந்தது இந்த ஊரில்தான். யார் யாரோ எதை எதையோ தேடி இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள்.

ஆற்றில் இறங்கினோம். கறுப்பு மணல், கறுப்புத் தண்ணீர். இந்த மடியில்தான் பெருமாளாகவே பூஜிக்கிற சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்த உயிரின் சுருள் ஓடுதான் கல்லுக்குள் பதிந்திருக்கிறது என்று படித்திருக்கிறேன். வஜ்ரகீடம் என்கிற புழு குடைந்த சக்கரம் என்று பெரியவர்கள் சொல்லி வளர்ந்தவள் நான். எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. பாற்கடலில் பள்ளிகொண்டவர் கடலை மலையாக்கி, அதன் உச்சியில் கல்லாக இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஜோம்சோமிலும் காக்பேனியிலும் கடை கடையாக "ஒரிஜினல், லக்ஷ்மி நரசிம்மர், கேரண்டி" என்று கையைப் பிடித்து இழுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பெருமாளுக்கு விலை பேசுவதா? அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம அகத்துல ஏற்கெனவே இருக்கார், போதும்" என்று நடந்துவிட்டார்.

கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில் ஜீப் நின்றதும் குதிரைக்காரர்கள். "மாதாஜி, நடக்க முடியாது, மூச்சு நின்றுவிடும்" என்று பயமுறுத்தியே ஏற்றப் பார்க்கிறார்கள். அம்மாவைக் குதிரையில் அனுப்பலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் மகனைப் பார்த்தார். "இவன் நடக்கறான், நானும் நடக்கறேன்." பத்து அடிக்கு ஒரு தரம் நின்றோம். கற்பூரத்தை முகர்ந்துகொண்டே, மூச்சு வாங்கி வாங்கி ஏறினோம். கடைசிப் படிகளில் இவர் வலது காலை முதலில் வைத்து, உடம்பைத் தூக்கி, இடது காலைச் சேர்த்து வைத்து ஏறியதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடக்க முடியாமல் வியர்த்துக் கொட்டிய அதே கால். படி ஒவ்வொன்றுக்கும் "நாராயணா" என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

சின்னக் கோயில்தான், பகோடா மாதிரிக் கூரை. அதன் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 தீர்த்தங்கள், மாட்டுத்தலை வடிவக் குழாய்களிலிருந்து பனி உருகிய தண்ணீர் கொட்டுகிறது. நானும் இவரும் ஓடினோம் (அவர் ஓடினார்!). முதல் சில குழாய்களில் கத்தி வெட்டுவது போல இருந்தது, அப்புறம் தலை மரத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குக் குளியல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு குழாயிலும் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். நல்ல கூட்டம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டே ஓடுகிற பையன்கள், வழியை மறித்துப் படம் எடுக்கிறவர்கள். ஒருவன் இடித்ததில் அம்மா தடுமாறி ஈரக் கல்லில் சரிந்தார்.

அவரைப் பிடித்தது ஒரு பிக்குணி. செங்காவி உடை, மொட்டைத் தலை, வயது இருபதுகூட இருக்காது. இந்தத் தலம் பௌத்தர்களுக்கும் புனிதமானது. குரு பத்மசம்பவர் திபெத்துக்குப் போகும் வழியில் இங்கே தியானம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் பெருமாளையே அவர்கள் அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்வதிலும் பிக்குணிகளுக்குப் பங்கு உண்டு. அந்தப் பெண் அம்மாவின் முழங்கையை விடவே இல்லை. கடைசிக் குழாய் வரைக்கும் கூடவே வந்தாள். அம்மா "சாளக்கிராமம் அடைநெஞ்சே" என்று ஒவ்வொரு பாசுரத்தையும் முடிக்க, அவள் தன் ஜபமாலையை உருட்டியபடி "ஓம் மணி பத்மே ஹூம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சுருங்கிய விரல்கள் ஒரு குழாயைத் தொடும், அடுத்த குழாயை அந்தச் சிவந்த விரல்கள் தொட்டு அம்மாவின் உச்சியில் வைக்கும். நான் நடுங்கிக்கொண்டே நின்று பார்த்தேன். சோழ நாட்டு ஆலிநாட்டில் பிறந்து, ஆடல்மா என்கிற குதிரையேறிய ஆழ்வார் பாடி மங்களாசாசனம் செய்த இடத்தில், அவருடைய சொல்லை என் மாமியார் சொல்ல, அது என்ன பாஷை என்றே தெரியாத ஒரு பெண் அதற்குத் தாளம் போல நடந்து வருகிறாள். அந்தக் காட்சியைச் சேவித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சந்நிதியில் பெருமாள் அமர்ந்த திருக்கோலம், பொன்னாக ஜொலிக்கிறார். இருபுறமும் தாயார்கள். வாசலில் ஒரே தள்ளுமுள்ளு, ஒரு நிமிடம் நிற்க விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். என்ன நடந்தது என்று இப்போதும் தெரியவில்லை, எங்களுக்கு முன்னால் போன கூட்டம் வெளியேறி, அடுத்த கூட்டம் நுழைவதற்குள் ஒரு இடைவெளி. நாங்கள் மூன்று பேர் மட்டும். ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோன துளசி மாலை காய்ந்துதான் போயிருந்தது. அதை வாங்கிப் பெருமாளுக்கு அப்படியே சாற்றினார்கள். அம்மா மஞ்சள் முடிச்சை அவிழ்த்தார். ஒரு ரூபாயை மகன் கையில் கொடுத்து, "நீயே சேர்த்துடு" என்றார். குனிந்து வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை, தோள் குலுங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட அழாதவர். என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன், குழந்தைகள், வேலை, கடன் எல்லாம். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினீரே, எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினீரே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே ஜ்வாலாமாயி கோயிலில் கம்பிவலைக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவே நீலச்சுடர் எரிகிறது. பூமியிலிருந்து கசிகிற வாயு என்கிறார்கள். குனிந்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் தெரிகிறது. அவசரப்படாதீர்கள்.

இறங்கும் வழியில் காக்பேனியில், காளி கண்டகி சங்கமத்தில், என் மாமனாருக்கு இவர் தர்ப்பணம் செய்தார். மேல் முஸ்தாங்குக்கு வாசல் இந்த ஊர். பழைய செம்மண் கோட்டையும் மடாலயமும் காவல் நிற்கின்றன. மத்தியானக் காற்று ஆரம்பித்துவிட்டது. எள்ளும் தண்ணீரும் கையை விட்டதும் பறந்துபோனது, மந்திரம் காதில் விழவில்லை. "அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துடும், காத்தே எடுத்துண்டு போறது" என்றார் அம்மா. காதுக்குள்ளிருந்தெல்லாம் மணல் வந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏஜென்டிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மறுநாள் விடிகாலையில் மேலே போங்கள், காற்றும் இருக்காது, கூட்டமும் குறைவு. பெரியவர்களைக் கூட்டிப் போக பயப்படாதீர்கள், டாக்டரை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது விமானம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தௌலகிரியைக் கும்பிட்டுவிட்டு அம்மா மகன் பக்கம் திரும்பினார். "ஆழ்வார் சாளக்கிராமத்துக்கு அடுத்த பதிகம் எந்த ஊருக்குப் பாடியிருக்கார் தெரியுமோ? நைமிசாரண்யம். லக்னோ பக்கம்தானே, மலை கூட இல்லை." ஐப்பசிக்கு ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது.