பரம்படித்த வயலில் முப்பதடி ராஜா

வயல் படத்தையும் பொம்மைப் படத்தையும் ஒன்றாக ஒட்டி, தஞ்சாவூர் ராஜா பொம்மையை முப்பதடி உயரத்துக்கு வளர்த்து வயலுக்குள் நிறுத்த வேண்டும், அதுதான் திட்டம். தலையாட்டி இல்லை, அடி உருண்டையாக, சாய்த்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் வகை. வீட்டில் இருப்பது ஓரடி உயரம்.

வயல் திருவையாறு பக்கம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கிற வருஷமென்றால் குறுவைக்கே இந்தக் காட்சி கிடைத்துவிடும். நான் எடுத்தது சம்பா நடவுக்கு முன், புரட்டாசியில். பரம்படித்து, அதாவது பலகை இழுத்துச் சேற்றைச் சமனாக்கி, தண்ணீர் கட்டி, நாற்று இறங்கும் வரைக்கும் ஓரிரு நாள்தான் வயல் கண்ணாடியாகக் கிடக்கும். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். தண்ணீர் மட்டத்திலிருந்து ஐந்தடி. இந்த ஐந்தடியைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம்.

ஏனென்றால், ஒட்டுப்படத்தில் பொருளின் அளவைச் சொல்வது தொடுவானக் கோடுதான். சமதரையில் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில்தான் அந்தக் கோடு எல்லாப் பொருளையும் வெட்டும். ஐந்தடியில் எடுத்த படத்தில் முப்பதடி பொம்மை நின்றால், கோடு அதன் அடியிலிருந்து ஆறில் ஒரு பங்கு உயரத்தில் ஓட வேண்டும். இடுப்பில் ஓடினால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது பத்தடிப் பொம்மை. எவ்வளவு பெரிதாக இழுத்து வைத்தாலும் சரி. டெல்டாவில் மலை இல்லாதது இதற்கு வசதி. தூரத்துத் தென்னந்தோப்பின் அடியைக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பொம்மையை எடுக்கும்போது கணக்கு முப்பதுக்கு ஒன்று. ஓரடி பொம்மை முப்பதடி ஆகிறது என்றால் ஐந்தடி கேமரா உயரம் இரண்டு அங்குலம் ஆகும். வயலில் பொம்மை நிற்க வேண்டிய தொண்ணூறு அடி தூரம் மூன்றடி ஆகும். போனில் லென்ஸ் மேல்முனையில் இருப்பதால், தலைகீழாகத் திருப்பிச் சின்னக் கட்டையில் நிறுத்தினால்தான் இரண்டு அங்குலத்துக்கு இறங்கும். அதே லென்ஸ், ஜூம் இல்லை. போர்ட்ரெய்ட் மோடு கூடவே கூடாது. பின்னணி மங்கினாலே பொருள் கைக்குள் அடங்குகிற சைஸ் என்று தெரிந்துவிடும்.

பிம்பம்தான் சுவாரசியமான பகுதி. பொம்மையின் படத்தையே கவிழ்த்துக் கீழே ஒட்டுகிறார்கள் பலர். அது தப்பு. தண்ணீரில் தெரிவது, லென்ஸ் தண்ணீருக்கு அடியில் அதே ஆழத்தில் இருந்து பார்த்தால் கிடைக்கிற காட்சி. மோவாயின் அடியும் தொப்பையின் அடியும் கூடுதலாகத் தெரியும். நிஜப் பிம்பத்தையே எடுத்துவிடுவது உத்தமம். தாம்பாளத்துத் தண்ணீர் உதவாது, பொம்மையின் அடியில் விளிம்பு கட்டி ஏறி நிற்கிற தண்ணீர் அது சின்னப் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் பொம்மைக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி விழும். வீட்டில் சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கறுப்பு கிரானைட் துண்டு மாடியில் கிடந்தது. மூன்றடி நீளம், கச்சிதம். நீளம் வேண்டும், ஏனென்றால் தலையின் பிம்பம் லென்சுக்கு ஐந்தே அங்குலம் முன்னால்தான் விழுகிறது. தண்ணீரைப் போலவே கிரானைட்டிலும் தூரத்தில் பிம்பம் பளிச்சென்றும், கிட்டே வர வர மங்கியும் இருக்கும். அந்த மங்கல் இலவசமாகக் கிடைத்தது.

வெளிச்சத்துக்கு வயலில் எடுத்த அதே மாலை நேரம், அதே பக்கம் சூரியன். வீட்டு விளக்கில் இது வராது. வெயிலில் நிழலின் ஓரம் நீளத்துக்குத் தகுந்தபடி மங்கும், முப்பது மடங்கு பெரிதாக்கினாலும் பொருந்தும். மாடித் தளவோட்டின் சிவப்பு பொம்மையின் அடியில் ஏறாதிருக்கச் சுற்றிலும் பழைய சாக்கு விரித்தேன்.

படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் வேலை கொஞ்சம்தான். வெட்டியெடுக்க, வேண்டாததை அழிக்காமல் மறைக்கிற லேயர் மாஸ்க்; பிம்பத்துக்குச் செங்குத்தாகச் சிறிது மோஷன் பிளர் (ஒரே திசையில் இழுத்த மங்கல்), காற்றில் அலையும் தண்ணீர் பிம்பத்தை மேலும் கீழுமாகத்தான் இழுக்கும். கிம்ப் 3.0 வந்த பிறகு ஃபில்டரை எப்போது வேண்டுமானாலும் திரும்பத் திறந்து குறைக்கலாம், பெரிய நிம்மதி. நேரம் பிடித்தது நிழல்: தண்ணீரில் நேராகக் கிடந்து, வரப்பைத் தொட்டதும் மடங்கி மேலேற வேண்டும். புல்லின் மேல் ஓரத்தைத் தூரிகையால் பிசிறாக்கினேன்.

படத்தை வயல்காரரிடம் காட்டினேன். அளவைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "ஏன் தம்பி, இம்புட்டுக் கனம் நின்னா சேத்துல புதையாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. பொம்மையின் அடியில் ஒரு சாணும், பிம்பத்தின் மேலே அதே ஒரு சாணும் மாஸ்க்கில் மறைத்து இரண்டையும் சேர்த்துப் பொருத்தியாயிற்று. பிதுங்கிய சேறுதான் பாக்கி. டிராக்டரின் கேஜ்வீல் (சேற்றில் ஓட்ட மாட்டுகிற இரும்புச் சக்கரம்) திரும்பிய மூலையில் சேறு நன்றாக மேடு கட்டியிருக்கிறது. அதை ஐந்தடி உயரத்திலிருந்தே எடுத்து வந்திருக்கிறேன். இது பொம்மையில்லை, நிஜ அளவுச் சேறு, முப்பதால் வகுக்க வேண்டியதில்லை.