எம்ஜிஹெச் தெரியும், மார்க் எங்கே போச்சு?

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் நிலை ஆற்றல் (உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் ஆற்றல்) கணக்கு ஒன்று வந்தது: '50 நியூட்டன் எடையுள்ள பொருளை 4 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அதன் நிலை ஆற்றல் எவ்வளவு கூடும்?' பார்த்ததும் ஒரே குஷி. எம்ஜிஹெச்தானே, அதாவது நிறை (எம்) × புவியீர்ப்பு முடுக்கம் (ஜி, 9.8) × உயரம் (ஹெச்)! 50 × 9.8 × 4 = 1960 ஜூல் என்று எழுதி, விடையைச் சுற்றிக் கட்டம் வேறு கட்டினேன். சரியான விடை 200 ஜூல். எடை என்று சொன்னாலே நிறையை ஜியால் பெருக்கியாகிவிட்டது. நான் இன்னொரு தடவை பெருக்கியிருக்கிறேன். கடையில் 'எடை 5 கிலோ' என்று கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் லேசில் பிடிபடாது. அப்புறம் எந்தக் கணக்கானாலும் கிலோகிராமா, நியூட்டனா என்று பார்த்து வட்டம் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

அலகிலும் அடி வாங்கியிருக்கிறேன். 200 கிராம் மாம்பழம், 150 சென்டிமீட்டர் உயர அலமாரி. அப்படியே பெருக்கினால் 2,94,000 வரும். கிலோகிராமாகவும் மீட்டராகவும் மாற்றிப் போட்டால் 0.2 × 9.8 × 1.5 = 2.94 ஜூல். 100 கிராம் பொருளை ஒரு மீட்டர் தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல் என்று நினைவில் வைத்திருந்தால், அந்த லட்சக்கணக்கைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்.

உயரம்தான் நிஜமாகவே யோசிக்க வைப்பது. சாய்தளம் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 3ஐத்தான் எடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியும். மாட்டிக்கொள்வது தண்ணீர்த் தொட்டியில். தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் தொட்டியின் அடிப்பக்கம், உள்ளே 1 மீட்டர் ஆழத்துக்கு 1000 லிட்டர் (அதாவது 1000 கிலோகிராம்) தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் பக்கங்கள் நேராக இருக்கட்டும். அடியில் உள்ள நீர் 6 மீட்டரில், மேலே உள்ளது 7 மீட்டரில். ஆகவே நிறை மையம் இருக்கும் 6.5 மீட்டரை எடுக்க வேண்டும்: 1000 × 9.8 × 6.5 = 63,700 ஜூல். தரையைச் சுழியாக வைத்த கணக்கு இது. மொட்டைமாடியைச் சுழியாக வைத்தால் எண் மாறும். நீர் ஏறும்போது கூடுகிற ஆற்றல் மட்டும் மாறாது.

ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். தரைமட்டத்திலிருந்து நீரேற்றினால் கணக்குப்படி அதில் 56 தொட்டி நிரப்பலாம்! வீட்டு மோட்டார் அந்தக் கணக்குக்கு வராது. குழாய் உராய்வும் மோட்டார் சூடும் தின்பது போகத்தான் மிச்சம்.

இன்னொன்று, ஜியின் மதிப்பு 10 என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தால் 9.8 போடாதீர்கள். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் உங்களுடையது இருக்காது.