அந்தச் சொல்லுக்கு நான்கு சனிக்கிழமை

மருத்துவரும் ஓர் ஈழத் தமிழரும் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே, ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

அவர் வன்னிக்காரர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது விசாரணை என்று கூட்டிப் போயிருக்கிறார்கள். இப்போது பெங்களூரு அல்சூரில் சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை. தஞ்ச மனுவுக்காக, சித்திரவதையைப் பரிசோதித்துப் பதிவுசெய்வதற்கான ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறைப்படி ஒரு மருத்துவ அறிக்கை வேண்டுமென்று வழக்கறிஞர் கேட்டிருந்தார்.

முதலில் போன மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் வரிசைக்கே கேட்கும்படி "என்ன பிரச்சினை?" என்றார். "முதுகுவலி" என்றார் இவர். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் தனி அறையும் பொறுமையும் உள்ள ஒரு மனநல மருத்துவர் கிடைத்தார். தொடையில் இருந்த சிகரெட் சூட்டுத் தழும்புகளை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொண்டார். அடி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது எல்லாவற்றையும் ரேஷன் சாமான் பட்டியல் மாதிரி ஒப்பித்தவர், "பிறகு அப்பிடியும் செய்தவங்கள்" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்லைப் போட்டுக் கேட்பது? கற்பழிப்பா என்று மெதுவாகக் கேட்டேன். "அது பொம்பிளையளுக்கு எல்லோ அண்ணை" என்றார். கற்பைப் பெண்ணிடம் மட்டும் கட்டிவைத்த மொழி. பாலியல் வன்கொடுமை என்பது பேப்பரில் படிக்கிற சொல், யார் வாயிலும் வராது. சட்டமும் இப்படித்தான். இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு அன்றைக்கு அதைப் பெண்ணுக்கு நடக்கும் குற்றமாகத்தான் சொன்னது. இங்கே இந்தியாவில் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. அன்று "சித்திரவதை" என்று எழுதி முடித்தோம்.

அடுத்த வாரம் ஒரு விவரம் சொன்னேன். இலங்கைக் காவலில் தமிழர்களுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த 75 பேரில் 31 பேர் ஆண்கள், மூன்று பேர் சிறுவர்கள். "முப்பத்தொரு பேர் வாய் திறந்து சொல்லியிருக்கினமோ?" என்றார். அதற்கப்புறம்தான் கல்யாணப் பேச்சு வந்தது. கிளிநொச்சியில் அம்மா பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறார், இவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறார். "நான் ஆம்பிளைதானோ எண்டு எனக்கே தெரியேல்லை. அந்த நேரத்திலை என்ர உடம்பு..." அதற்கு மேல் சொல்லவில்லை.

மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. பயத்திலும் வலியிலும் உடம்பு தன்பாட்டில் விறைக்கலாம், விந்தும் வெளியேறலாம். இமை தானாக மூடுவது மாதிரி. அது சம்மதமில்லை, ஆசையுமில்லை என்றார். இதைத் தமிழில் சொல்ல நான் பட்ட பாடு! இருபது வருடமாக மொழிபெயர்க்கிறேன், "விறைக்கலாம்" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார். மருத்துவர் சொன்னார், நானும் சொன்னேன்.

நான்காவது சனிக்கிழமை அறிக்கையை வாசித்துக் காட்டினோம். தழும்புகள் அவர் சொன்னதோடு நன்றாகப் பொருந்துகின்றன. மற்றதற்கு உடம்பில் தடயமில்லை, தடயமில்லாததால் நடக்கவில்லை என்றாகாது என்று எழுதியிருந்தது. "ரேப்" என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். நீக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "ஓம், அதுதான். அது இருக்கட்டும்" என்றார்.

எதையும் விடாமல் மொழிபெயர்த்தேன் என்று நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை எடுத்தபோது பக்கத்தில் குனிந்து சொன்னார்: "ஒரு இடத்திலை நல்லாத் திக்கினீங்கள் அண்ணை. பரவாயில்லை, போடுங்கோ."