ஏழாம் மாதமும் நாலு ஊசியும்

மூலனூர், காங்கயம் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். நாலு மாதத்தில் விழுந்த குட்டி மூச்சு எடுக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக மகப்பேறு மருத்துவர் லிக்கின்ஸும் அப்படித்தான் எதிர்பார்த்தார். பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று தேடி, வயிற்றுக்குள் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு என்ற ஹார்மோன் மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். பிழைக்கவே வழியில்லாத பருவத்தில் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டது. ஈரல் மாதிரி கெட்டியாகக் கிடக்க வேண்டிய நுரையீரலில் காற்று ஏறியிருந்தது. 1969இல் இதை எழுதினார். 1972இல் குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதத்தில் பிரசவம் ஆகும் நிலையில் இருந்த 282 தாய்மாரிடம் இந்த வகை ஊசியைச் சோதித்த ஆய்வை வெளியிட்டார்.

குறைமாதக் குழந்தையின் நுரையீரல், நனைந்த பாலிதீன் பை மாதிரி. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் விரியாது. ஒட்டாமல் காக்கும் வழவழப்பான பொருள் சர்ஃபாக்டன்ட். அது போதிய அளவு ஊற 34 வாரமாவது ஆகும். தாய்க்குப் போடும் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் அதைச் சீக்கிரம் ஊற வைக்கிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 6 மி.கி. வீதம் நாலு ஊசி, தசையில். மி.லி.க்கு 4 மி.கி. உள்ள 2 மி.லி. குப்பியில் 1.5 மி.லி. மட்டும் எடுக்க வேண்டும். முழுக்குப்பியையும் ஏற்றினால் 8 மி.கி. ஆகிவிடும். சர்க்கரை உள்ள தாய்க்குச் சில நாள் அளவு ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும். கர்ப்பப்பையில் கிருமித்தொற்று இருந்தால் இந்த ஊசி கூடாது.

முழுப்பலன் கிடைக்க முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே ஒரு நாள் வேண்டும். "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி" என்று ராத்திரியைக் கழிப்பது அந்த ஒரு நாளைத்தான் தின்கிறது. வலி விட்டுவிட்டு வந்தாலும், தண்ணீர் கசிந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்க.

ஊசியை விடக் கடினமானது வாரக்கணக்கு. கணக்குச் சரியாகத் தெரியாத கிராமங்களில் இந்த மருந்தைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியது. ஸ்கேன் வைத்து வாரத்தை உறுதிசெய்த மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய 2020 ஆய்வில், குறைமாதத்தில் பிறந்த பச்சிளங்குழந்தைகளின் இறப்பு ஊசி போடாதவர்களிடம் 23.5 சதவீதம், போட்டவர்களிடம் 19.6. மருந்து ஒன்றே. இடமும் கணக்கும்தான் வேறு.

கணக்குக்கு நம்பகமானது மூன்றாம் மாத ஸ்கேன். அதில் பிழை ஒரு வாரத்துக்குள் நிற்கும். எட்டாம் மாத ஸ்கேனில் மூன்று வாரம் வரை தப்பலாம். திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்கேன் எடுத்த பெண், வளைகாப்பு முடிந்து தாராபுரத்துத் தாய்வீட்டுக்குப் போகிறாள். வளையலும் சீர்த்தட்டும் வண்டியில் ஏறும், ஃபைல் பீரோவிலேயே கிடக்கும். ஏழாம் மாதம் என்பது சரியாக இந்த ஊசிக்கான காலம். ஃபைலும் மகப்பேறு அட்டையும் சேலைப்பெட்டிக்குள் முதலில் போகட்டும்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால், முதல் ஊசி போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்க. எழுதாவிட்டால் அங்கே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள்.