ஜிபிஎஸ் இல்லாமல் திண்டிவனம் – திருவண்ணாமலை: வழிச்சீட்டு, மூன்றாம் சுற்று

போனை அணைத்துவிட்டு, கிலோமீட்டர் கல், டிரிப் மீட்டர் (வேண்டிய இடத்தில் பூஜ்ஜியமாக்கித் தூரம் பார்க்கும் மீட்டர்), வழியை எழுதிய ஓர் அட்டை (இதுதான் வழிச்சீட்டு), இவ்வளவையும் வைத்தே ஓட்டிப் பார்க்கும் முயற்சி. தடம்: திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை.

மேப்பிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய அட்லஸில் இந்த ரோடு என்.எச். 66. 2010-இல் எண்களை மாற்றியபோது இது 77 ஆனது. 66 என்ற எண் பன்வேல்–கன்னியாகுமரி மேற்குக் கரை ரோட்டுக்குப் போய்விட்டது. பழைய மேப்தான் கையில் என்றால் எண்ணை அடித்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் பாருங்கள்.

அடுத்தது மீட்டர். அது சக்கரம் சுற்றுவதை வைத்தே தூரம் காட்டும், டயர் சிறுத்தால் கூடுதலாகக் காட்டும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. அதைக் கழற்றி 175/65 போட்டால் 583 தான், 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 106 காட்டும். டயரின் பட்டன் (ரோட்டில் பதியும் மேல்பகுதி) தேய்ந்தாலும் இதே கதை: 6 மி.மீ. தேய்மானத்துக்கு 2 சதவீதம் கூடும். அதனால் முதலில் நேரான ரோட்டில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துத் தொடர்ந்து 10 கி.மீ. ஓட்டி மீட்டரைப் பாருங்கள். 10.3 காட்டினால், சீட்டில் உள்ள ஒவ்வொரு தூரத்தையும் 1.03-ஆல் பெருக்கி எழுத வேண்டும். பைபாஸ் குறுக்கிடும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே பழைய கல் பழைய ரோட்டோடு நின்றுவிடும், கணக்கு உதைக்கும்.

முதல் சீட்டில் தூரமும் திருப்பமும் மட்டும் எழுதியது போதவில்லை. இப்போது நாலு கட்டம்: மீட்டர் அளவு, என்ன செய்வது, சரியாக வந்ததற்கு அடையாளம், தவறியதற்கு அடையாளம். நாலாவதுதான் உயிர். செஞ்சிக்கான வரி இப்படி: ‘ஊர் தாண்டி நேரே மேற்கே. வலப்பக்கம் கிருஷ்ணகிரி மலை, இடப்பக்கம் ராஜகிரி மலை, ரோடு நடுவே. இரண்டு மலையும் ஒரே பக்கம் தெரிந்தால் தப்பு, திரும்பு.’

பிரிவு ரோட்டில் ஏமாந்தால் கல்லின் தலை நிறம் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் போய்ப் பச்சை வந்தால் இன்னொரு கல்லுக்குக் காத்திருக்க வேண்டாம். கல் எதுவுமே தென்படாவிட்டால் இடையில் 2, 4, 6, 8 என்று எழுதிய 200 மீட்டர் குட்டிக் கற்களைத் தேடுங்கள். புல் மூடியிருக்கும், ஆனால் இருக்கும்.

வழி கேட்பதிலும் முறை உண்டு. “இது திருவண்ணாமலை ரோடுதானே?” என்றால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். “இந்த ரோடு எங்கண்ணே போகுது?” என்று கேட்க வேண்டும், அதுவும் அடுத்த ஊர் வரைக்கும் மட்டும். “மேலால போங்க” என்று பதில் வந்தால் மேடு தேடாதீர்கள், அது மேற்கு. இடம் வலம் குழம்பினால் சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா என்று கேட்டால் சந்தேகம் தீரும். “ரெண்டு கிலோமீட்டர்தான்” என்பதை மட்டும் சீட்டில் ஏற்ற வேண்டாம்.

சாயங்காலம் இந்தத் திசையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. வெயில் நேரே கண்ணில் அடிக்கும், நம்மைப் பார்த்த கல்லின் முகம் நிழலில் கிடக்கும், எண் தெரியாது. காலையில் கிளம்பி, செஞ்சியில் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிக்கொண்டால் அதுவரை சேர்ந்த பிழை அங்கேயே கழிந்துவிடும். கடைசிப் பகுதிக்குச் சீட்டு ஏறக்குறைய வேண்டியதில்லை. அண்ணாமலை தூரத்திலேயே எழுந்து நிற்கும்.