பதினாறு தாள்கள், ஒரு கிணறு

ஐந்து மாதமாக ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எலிசபெத் பிஷப் என்ற அமெரிக்கக் கவிஞர் ‘ஒன் ஆர்ட்’ என்ற ஒரே ஒரு கவிதைக்காக எழுதித் திருத்திய தாள்களை ஒவ்வொன்றாக நோட்டில் பார்த்து எழுதுவது, அது முடிந்ததும் அதே வடிவத்தில் தமிழில் ஒன்று எழுதிப் பார்ப்பது. முதல் பாதி முடிந்துவிட்டது. இரண்டாவது பாதி இழுத்துக்கொண்டே போகிறது.

இதற்கு ஆரம்பம் ஒரு தவறான பார்சல். நான் கேட்டது ஆலிஸ் க்வின் தொகுத்து 2006-ல் வந்த நூல். பிஷப் முடிக்காமல் விட்ட கவிதைகளும் வரைவுகளும் அதில் இருக்கின்றன. கடைக்காரர் அனுப்பியது அவருடைய கடிதத் தொகுப்பு. செங்கல் கனம். திருப்பி அனுப்புவதற்காக மூன்று நாள் போன் செய்து அலுத்துப்போய், சரி, வந்தது வந்துவிட்டது என்று புரட்ட ஆரம்பித்தேன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் பொறுக்கி எடுத்த தொகுப்பு அது. பத்து நாளில் படித்து முடித்தேன். இப்போது யோசித்தால், கடை அனுப்பிய வரிசைதான் சரியான வரிசை. வாழ்க்கை தெரியாமல் அந்தத் தாள்களைப் பார்த்திருந்தால் வெறும் அடித்தல் திருத்தலாகத்தான் தெரிந்திருக்கும்.

பிஷப் 1911-ல் மசாசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். ஐந்து வயதில் அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மா 1934 வரை உயிரோடு இருந்தும் மகள் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. வளர்ந்தது கொஞ்ச காலம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தாத்தா பாட்டியிடம், பிறகு இழுத்துக்கொண்டுபோன பக்கமெல்லாம். பெரியவளான பிறகும் அதே கதைதான். புளோரிடாவின் கீ வெஸ்டில் ஒரு வீடு. 1951-ல் தென்னமெரிக்காவைச் சுற்றிவரக் கப்பல் ஏறியவர் பிரேசிலில் இறங்கினார். அங்கே முந்திரிப்பழம் சாப்பிட்டு ஒவ்வாமையில் முகமெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டார். பார்த்துக்கொண்டவர் லோட்டா டி மசெடோ சோரெஸ். அப்படியே பதினைந்து வருடம் அவரோடு அங்கேயே தங்கிவிட்டார். முந்திரிப்பழத்தால் தொண்டை கரகரத்ததோடு தப்பித்த நமக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும். 1956-ல் புலிட்சர் பரிசு கிடைத்தபோதும் பிரேசிலில்தான் இருந்தார். 1967-ல் லோட்டா நியூயார்க்கில் அளவுக்கு மீறி மாத்திரை சாப்பிட்டு இறந்தார்.

காகிதங்களின் கதையும் இங்கே சேர்ந்துகொள்கிறது. லோட்டாவுக்கு பிஷப் எழுதிய கடிதங்களை எரித்துவிட்டார்கள். அதனால் அந்தப் பதினைந்து வருடத்தை மற்றவர்களுக்கு எழுதியவற்றிலிருந்துதான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மிச்சமிருந்தவை 1981-ல், அவர் படித்த வாசர் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றோரமாகவே வடக்கே போனால் போகீப்ஸி என்ற ஊர், அங்கே இருக்கிறது கல்லூரி. 1947-ல் தன் மனநல மருத்துவர் ரூத் ஃபாஸ்டருக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் பூட்டிய பெட்டியிலேயே கிடந்தன. கடைசிக் காலத் துணையான ஆலிஸ் மெத்ஃபெசல் 2009-ல் இறந்த பிறகுதான் அவை வெளியே வந்தன. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதில் பிஷப்புக்குக் கூச்சம் கிடையாது. ஹார்வர்டில் கடிதங்களையே பாடமாக வைத்து வகுப்பு எடுத்தவர். ஆனால் நண்பர் ராபர்ட் லோவல், பிரிந்துபோன மனைவியின் கடிதங்களை மாற்றித் தன் கவிதைக்குள் போட்டபோது, கலைக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று கடுமையாக எழுதினார். படிப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு என்பது அவர் கட்சி.

கேட்ட புத்தகம் இரண்டாம் மாதத்தில் வந்தது. அது வெளியானபோது ஹெலன் வெண்ட்லர் போன்ற பெரிய விமர்சகரே, கவிஞர் வேண்டாமென்று ஒதுக்கியதை அச்சடிப்பதா என்று சண்டைக்கு நின்றார். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் நூறு கவிதைக்கு அருகில்தான் வெளியிட்டவர், மற்றதை வெளியிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கும். ஆனால் பின்னிணைப்பில் ‘ஒன் ஆர்ட்’ கவிதையின் 16 வரைவுகளை அப்படியே படமாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் கொள்கையெல்லாம் பறந்துவிட்டது. கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினேன். நாளுக்கு ஒரு வரைவு, பென்சிலில், அடித்ததை அடித்தபடியே எழுதுவது என்று முடிவு.

தெரியாதவர்களுக்கு: அது வில்லனெல் என்ற பிடிவாதமான வடிவம். 19 வரி. மும்மூன்று வரியாக ஐந்து கண்ணி, கடைசியில் நான்கு வரி. முதல் வரியும் மூன்றாம் வரியும் முறைவைத்துத் திரும்பி வந்து, முடிவில் இரண்டும் அடுத்தடுத்து உட்கார வேண்டும். மொத்தக் கவிதைக்கும் இறுதி ஓசை இரண்டே இரண்டு. இழப்பது ஒன்றும் கஷ்டமான வித்தை இல்லை, பழகிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே பேசுபவர் உடைகிற கவிதை அது.

முதல் நாள் எழுதியதில் கவிதையே இல்லை. தட்டச்சு செய்த உரைநடை. பொருள்களைத் தொலைப்பது எப்படி என்று சமையல் குறிப்பு மாதிரி தலைப்பு, அடுத்து இன்னும் இரண்டு தலைப்பு. படிக்கும் கண்ணாடியை நாளைக்கு இரண்டு மூன்று முறை தொலைப்பதிலிருந்து தொடங்கலாம், அல்லது பிடித்த பேனாவிலிருந்து என்று ஆரம்பிக்கிறது. பிறகு வீடு, தீவு, தீபகற்பம், கண்டம் என்று சாமான் பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு ஆள். சுமாரான உயரம், அப்படியொன்றும் அழகில்லை, பெரிய அறிவாளியும் இல்லை, அந்த நீலக் கண்களைத் தவிர என்று ஒரு அடைப்புக்குறி. இதை எழுதும்போது என் பென்சில் நின்றது. கடிதங்களைப் படித்திருந்ததால் கண்கள் யாருடையவை என்று தெரியும். 1975-ல் ஆலிஸ் மெத்ஃபெசல் அவரைவிட்டுப் போய்விடும் நிலையில் இருந்தார். ஆனால் அச்சான கவிதையில் நீலக் கண் கிடையாது. குரலும் ஒரு சைகையும்தான் இருக்கின்றன.

அந்தக் கண்கள் எந்தத் தாளில் காணாமல் போகின்றன என்று தேடிக்கொண்டே எழுதியதில் அடுத்த சில நாள் ஓடியது. இரண்டாவது தாளிலேயே வில்லனெல் வந்துவிட்டது ஆச்சரியம். ஓரத்தில் ஒத்த ஓசைச் சொற்களைக் குடும்பச் சிட்டை மாதிரி எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்துதான் கொடுமை. ஒரு சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்து அரைமணி நேரம் பார்த்து, பிறகு அது சொல்லே இல்லை, பேனா சரிபார்த்த கிறுக்கல் என்று முடிவுக்கு வந்தேன். அதையும் கிறுக்கினேன்.

ஒன்பதாவது, பத்தாவது தாளில் ஒரு சிக்கல். மேலே எழுதியதெல்லாம் பொய் என்று கவிதைக்குள்ளேயே போட்டு உடைத்துவிடுகிறார். படிக்க நெஞ்சில் அடிக்கிறது, ஆனால் கவிதை அங்கேயே செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு இழப்பது சுலபம் என்ற வரி திரும்பி வந்தால் யார் நம்புவார்கள்? அச்சில் அதே பொய் என்ற சொல் இருக்கிறது, ஆனால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று தலைகீழாக. அதே பொய், எதிர்மறை மட்டும் புதிது. கையால் எழுதியிருக்காவிட்டால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. கண்ணால் படிக்கும்போது அந்த வரியை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அதேபோல், கடைசி வரியில் தன்னைத் தானே அதட்டும் அந்த அடைப்புக்குறி, முதலில் ‘சொல்’ என்றுதான் இருந்தது. பிறகுதான் ‘எழுது’ என்று ஆனது.

பேட்டி ஒன்றில், இந்தக் கவிதை கடிதம் எழுதுவதுபோல் சுலபமாக வந்தது என்று சொல்லியிருக்கிறார். பதினாறு தாள்! சுளுக்கிப்போன என் கட்டைவிரல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ‘த மூஸ்’ கவிதைக்கு 1946-ல் போன ஒரு பஸ் பயணத்திலிருந்து 1972 வரை எடுத்துக்கொண்டவர் அவர். அந்தக் கணக்கில் இது சுலபம்தான்.

அப்புறம் என் பாதி. விஷயம் எங்கள் வீட்டுக் கிணறு. ஆறு வருடத்துக்கு முன் தூர்த்துவிட்டோம். பிஷப் செய்தபடி முதலில் உரைநடையாக எழுதினேன்: ராட்டினம், தேங்காய்நார்க் கயிறு, விழுந்த வாளியை எடுக்கப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும் பாதாளக் கரண்டி. லேப்டாப்பில் எழுதியதுதான் தப்பு. மூன்றாவது தடவை திருத்திச் சேமித்ததும் முதல் இரண்டும் போயே போய்விட்டன. நோட்டுக்குத் திரும்பினேன், ஒவ்வொரு பக்கத்திலும் தேதியோடு.

அடுத்த முட்டுக்கட்டை இறுதி ஓசை. தமிழில் வரிக்கடைசி ஒத்துப்போவது ரொம்ப மலிவு. போகிறது, வருகிறது, கேட்கிறது என்று வினைமுற்றுகளே இயைபைக் கொட்டிக் கொடுத்துவிடும். 19 வரியும் ‘கிறது’ என்று முடிந்தது. பஜனைப் பாட்டுப்போல இருந்தது. கட்டுப்பாடு வலித்தால்தானே அந்த வடிவம். ஒரு வாரம் கழித்துத்தான் தோன்றியது, ஓசையை வரியின் கடைசியிலிருந்து தலைக்கு மாற்று, எதுகை வை என்று. அப்படி வந்த முதல் கண்ணி:

வாளி விழும் சத்தம் இன்னும் கேட்கிறது
கிணறு தூர்த்து மண் கொட்டி மெழுகியாயிற்று
நாளில் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கிறேன்

ஒன்று ‘ளி’, இன்னொன்று ‘ண’. திரும்பி வரும் இரண்டு வரி போக, நெடிலுக்கு அடுத்து ‘ளி’ வருகிற சொல் ஐந்து வேண்டும். ஒளியும் துளியும் குறில், செல்லாது. தோளில், தாளில், ஆளில்லா, தூளி. நாலுதான் தேறியது. ஐந்தாவது சமையலறையிலிருந்து வந்தது. ரசம் கொதித்து இறக்கிய நேரம், தாளித்தாயா என்று யாரோ கேட்டார்கள். ஓடிப்போய் எழுதினேன்.

ஆறாவது வரைவில் நான் அடித்தது அப்பாயியை. கிணற்றடியில் உட்கார்ந்து அவர் வெற்றிலை இடித்த நான்கு வரி. எனக்கு மிகவும் பிடித்த வரிகள். ஆனால் அவர் வந்ததும் கிணறு மங்கி, துக்க வீட்டுப் படம் மாதிரி ஆகிவிட்டது. இப்போது தோளில் கிடக்கும் ஈரத் துண்டு மட்டும் மிச்சம். யார் தோள் என்று சொல்லவில்லை. நீலக் கண்களை எடுத்த கை இப்படித்தான் தயங்கியிருக்குமா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இன்றைய நிலவரம்: பதினோராவது வரைவு, 18 வரி தயார். 17-ஆம் வரி மட்டும் இல்லை. ‘ண’ எதுகைக்குச் சொற்கள் நிறைய உண்டு. ஆனால் பணம், குணம், மணம் எல்லாம் சினிமாப் பாட்டுக்குப் போகட்டும். பிஷப் முடியாத கவிதைகளைச் சுவரில் மாட்டி, கிடைக்காத சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருப்பார் என்று லோவல் ஒரு கவிதையில் எழுதியிருக்கிறார். நானும் பிரிஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

நேற்றுக் காலை பார்த்தால், 17-ஆம் வரிக்காக விட்டிருந்த இடத்தில் அம்மா எழுதியிருக்கிறார்: ‘கணக்கு - பால் 12 நாள்’. அழிக்க ரப்பரை எடுத்தவன் அப்படியே நின்றேன். இரண்டாவது எழுத்து ‘ண’. முதல் எழுத்து குறில்.