ராட்சதன் சட்டை மாற்றிய கதை

ராத்திரி முழுக்க ஜென்டில் ஜயன்ட்ங்கிற பிரிட்டிஷ் ராக் குழுவோட 'சிவிலியன்' ஓடிக்கிட்டிருந்தது. 1980-ல் வந்த கடைசி ஆல்பம்.

1972-ல வந்த அவங்களோட 'ஆக்டோபஸ்' ஆல்பத்துல பாருங்க, ஆளுக்கொரு திசையில போற குரல்கள் எப்படியோ ஒரே புள்ளியில வந்து சேரும். செல்லோ, ரெக்கார்டர்ங்கிற ஊதுகுழல், வைப்ராஃபோன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் வாசிப்பாங்க. அப்புறம் பங்க்ங்கிற எளிமையான, முரட்டு ராக் பாணி வந்து இங்கிலாந்தையே புரட்டிப் போட்டுச்சு. இவங்களும் சட்டையை மாத்திக்கிட்டாங்க: சின்னப் பாட்டு, நேரான தாளம், லாஸ் ஏஞ்சலஸ்ல ரெக்கார்டிங். பழைய ரசிகன் முகம் சுளிச்சான், புதுசா யாரும் எட்டிப் பாக்கல. 'சிவிலியன்' வந்த அதே 1980-ல குழுவே கலைஞ்சுது.

எனக்கென்னவோ 'சிவிலியன்'ல வர்ற 'ஷேடோஸ் ஆன் தி ஸ்ட்ரீட்' பாட்டு இன்னமும் பிடிக்கும். திட்டுறவங்க திட்டிக்கலாம்.

வேடிக்கை என்னன்னா, இதே குழுவோட பாடகர் டெரெக் ஷுல்மன்தான் பின்னாடி ரெக்கார்ட் கம்பெனிக்குப் போய் பான் ஜோவிங்கிற அமெரிக்க ராக் குழுவை ஒப்பந்தம் பண்ணவர்!